படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள்

கிறிஸ்தவ வானொலிகளின் வரலாற்றில் மைக்கின் முன்னால் பேசியவர்களுக்குப் பெயர் உண்டு. கடிதம் பிரித்தவர்களுக்கும், அலைவரிசையைக் கண்காணித்தவர்களுக்கும், வாசலைக் காத்தவர்களுக்கும் பெரும்பாலும் இல்லை. சம்பளம் இல்லாமல் ஒரு பெரிய ஊடகப் பணியைத் தாங்கி நின்றவர்களைப் பற்றிய சிறப்புக் கட்டுரை இது.

1986 பிப்ரவரி 24, நள்ளிரவு தாண்டிய நேரம். பிலிப்பைன்ஸ் தலைநகர் மனிலாவின் சாந்தா மேசா பகுதியில், அதிபர் மாளிகைக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஒரு கட்டடத்திலிருந்து ஒரு பெண் பேசத் தொடங்கினார். தொலைக்காட்சியில் மக்களுக்கு அறிமுகமான ஜூன் கீத்லிதான் அவர். பேசும் இடத்தை அவர் சொல்லவில்லை. நிலையத்துக்கு அந்த இரவில் வைத்துக்கொண்ட பெயர் 'ரேடியோ பாந்திதோ', அதாவது கொள்ளைக்கார வானொலி.

அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் நிறைய நடந்திருந்தது. 22-ம் தேதி மாலை, பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் சர்வாதிகாரி மார்க்கோஸை விட்டு விலகி ராணுவ முகாமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் ரேடியோ வேரித்தாஸ் வழியாக கர்தினால் ஜெய்மே சின், அவர்களுக்குத் துணையாகத் தெருவுக்கு வரும்படி மக்களை அழைத்தார். மக்கள் எட்சா நெடுஞ்சாலையை நிரப்பினார்கள். மறுநாள் விடியும் முன்பே ஆயுதம் தாங்கியவர்கள் மலோலோஸில் இருந்த வேரித்தாஸ் ஒலிபரப்புக் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். மாற்றுக் கருவியைக் கொண்டு நிலையம் பகல் முழுவதும் தாக்குப்பிடித்தது. இரவில் அதுவும் அடங்கியது. அதன் பிறகுதான் இயேசு சபைக் குருவான ஜேம்ஸ் ராய்ட்டரின் ஏற்பாட்டில் இந்த ரகசிய இடம் கிடைத்தது.

ராணுவம் எந்த நிமிடமும் மேலே ஏறி வரலாம் என்ற நிலை. கீத்லிக்கு உதவியாக அறைக்குள் பதின்பருவத்துச் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். மாடிப்படிகளில் கன்னியர் சிலர் ஜெபித்தபடி உட்கார்ந்துகொண்டார்கள். மேலே வருகிற சிப்பாய் முதலில் அவர்களைத் தாண்ட வேண்டும். அவர்களிடம் இருந்த பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

25-ம் தேதி இரவு மார்க்கோஸ் நாட்டை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு ரேடியோ வேரித்தாஸுக்கு மகசேசே விருது கிடைத்தது. கீத்லியை அரசு கௌரவித்தது. கர்தினாலின் அழைப்பு பள்ளிப் பாடநூல் வரை போனது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கன்னியரை அந்த இரவின் கதையைச் சொல்கிறவர்கள் ஒரே வரியில் கடந்துபோகிறார்கள்.

உலகின் கிறிஸ்தவ ஊடகப் பணிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. துப்பாக்கி வராத நாட்களிலும் அதில் ஆட்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் ஒரு நிலையம்

கிறிஸ்தவ வானொலியின் தொடக்கமே தன் கையை நம்பிய சிலரின் வேலைதான். 1931 பிப்ரவரியில் மார்க்கோனியின் உதவியோடு பாப்பரசர் பதினோராம் பயஸ் வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்தார். அதன் பின்னால் ஓர் அரசே நின்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஈக்வடாரின் கீத்தோ நகரில் தொடங்கிய எச்.சி.ஜே.பி. நிலையத்தின் கதை வேறு. அமெரிக்க ஊழியர் கிளாரன்ஸ் ஜோன்ஸின் வீட்டுக் கூடம்தான் ஸ்டுடியோ. ஒலிபரப்புக் கருவி இருந்தது ஆட்டுக்கொட்டிலில். ஜோன்ஸ் டிராம்போன் வாசிக்க, அவர் மனைவி கேத்தரின் ஆர்மோனிய வகை ஆர்கன் வாசித்தார். ஈக்வடாரில் அன்றைக்கு இருந்த வானொலிப் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்க ஆளே இல்லாத ஊரில் நிலையம் தொடங்குகிறார்களே என்று சிரித்தவர்களுக்குக் காரணம் இருந்தது.

பின்னாளில் அதே கீத்தோ ஒரு பெரிய தொழில்நுட்பச் சிக்கலையும் கொடுத்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. சக்தி வாய்ந்த ஒலிபரப்பின்போது ஆன்டெனாக் கம்பிகளின் நுனியில் மின்பொறி கிளம்பி உலோகமே உருகியது. நிலையத்தில் ஊழியப் பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் மூர், நுனியே இல்லாத சதுர வளைய ஆன்டெனாவை 1940-களில் வடிவமைத்தார். உலகமெங்கும் ஹாம் வானொலிக்காரர்கள் இன்றும் மொட்டைமாடிகளில் கட்டும் 'க்வாட்' ஆன்டெனா அப்படிப் பிறந்ததுதான். கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சுவிசேஷ வானொலியின் தேவையிலிருந்து வந்தது என்று தெரியும்?

4,400 கிலோமீட்டர் தள்ளி ஒரு தமிழ்க் குரல்

தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு 'வேரித்தாஸ்' என்றால் பிலிப்பைன்ஸ் புரட்சி நினைவுக்கு வராது. 'வேரித்தாஸ் தமிழ்ப் பணி' என்ற சிற்றலை ஒலிபரப்புதான் நினைவுக்கு வரும். ஆசிய மக்களுக்கு ஒரு வானொலி வேண்டும் என்று ஆயர்கள் 1958-ல் மனிலாவில் கூடி முடிவெடுத்து, 1969-ல் ஒலிபரப்புத் தொடங்கிய நிறுவனத்தின் ஆசியச் சேவையில் தமிழும் இடம்பெற்றது. மனிலாவுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். தமிழ் கேட்கக் கிடைத்த கிறிஸ்தவ ஒலிபரப்பு அது ஒன்று மட்டுமல்ல. செஷல்ஸ் தீவில் கடற்பாறைத் திட்டின்மேல் ஆன்டெனாக்களை நட்டுவைத்து 1970-லிருந்து 'ஃபீபா' ஒலிபரப்பியது. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ வந்தது. வத்திக்கான் வானொலியும் தமிழில் பேசியது.

இந்த நிலையங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குருட்டுத்தனம் இருந்தது. பேசுகிறவருக்குக் கேட்கிறவர் தெரியாது. சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பிவந்து தரையில் விழும். சூரியனின் போக்கு, பருவம், மாலையா காலையா என்பதைப் பொறுத்து விழும் இடம் மாறும். பக்கத்து அலைவரிசையில் இன்னொரு நாட்டு நிலையம் புகுந்துவிடும். மனிலாவில் அறிவிப்பாளர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், மணப்பாடு கடற்கரையில் இரைச்சல் மட்டும் வரும். அங்கிருந்து யாராவது எழுதிச் சொன்னால்தான் உண்டு.

எழுதிச் சொன்னவர்கள் சாதாரண ஆட்கள். பள்ளி ஆசிரியர், தபால்காரர், தீப்பெட்டித் தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளை, கல்லூரி மாணவி, ஊர் உபதேசியார். மாலையில் பெட்டியைத் திருகி, நோட்டில் குறித்து, அஞ்சலட்டையிலோ வான்வழிக் கடிதத்திலோ எழுதி அனுப்பினார்கள். அஞ்சல் செலவும் பேட்டரிச் செலவும் அவர்களுடையது. பதிலாக வந்தது ஒரு நன்றிக் கடிதம், கூடவே ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்யும் ஒரு வண்ண 'க்யூ.எஸ்.எல்.' அட்டை.

*

பெட்டிச் செய்தி: ஐந்து எண்களில் ஒரு மாலை

சிற்றலை நேயர் அனுப்பும் தரக் குறிப்புக்கு 'சின்போ' என்று பெயர். ஐந்து எண்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. முதல் எண் ஒலியலையின் வலு. இரண்டாவது, பிற நிலையங்களின் குறுக்கீடு. மூன்றாவது, இடி மின்னல் போன்றவற்றின் இரைச்சல். நான்காவது, அலை ஏறி இறங்கும் தடுமாற்றம். ஐந்தாவது, மொத்தத்தில் எப்படி. 55555 என்றால் பழுதே இல்லை. 32322 என்றால் பொறுமை உள்ளவர்கள் மட்டும் கேட்கலாம்.

இதனுடன் தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை எண், கேட்ட நிகழ்ச்சியின் விவரம், பெட்டியின் வகை, ஆன்டெனாவின் நீளம் எல்லாம் எழுதவேண்டும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறும் உலக நிலையங்கள் அலைவரிசை மாற்றும் நாட்கள். அந்த வாரங்களில் இந்தக் குறிப்புகளுக்குத் தனி மதிப்பு. புதிய அலைவரிசை சரியாக விழுகிறதா என்று தெரிந்துகொள்ள, பல கோடி ரூபாய் ஒலிபரப்பு நிலையங்கள் இந்த அஞ்சலட்டைகளுக்காகக் காத்திருந்தன.

*

கேட்பதிலும் தொண்டு இருந்தது. ஒரு தெருவுக்கு ஒரு வானொலி இருந்த காலத்தில் பெட்டி வைத்திருப்பவர் அதைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும். ஒலிபரப்பு நேரத்தையும் மீட்டர் எண்ணையும் கோயில் அறிவிப்புப் பலகையில் யாராவது சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்ல அவருடைய ஜெபக்குறிப்பைக் கடிதமாக்க வேண்டும். நேயர் மன்றம் என்ற பெயரில் இவற்றை ஒழுங்குபடுத்தியவர்கள் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றையும் ஒரு வருகைப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். நிலையங்கள் நேயர் கடிதங்களை வாசித்தபோது இவர்கள் பெயர்கள் சில நொடிகள் வானில் வந்துபோயின. அதைக் கேட்க ஊரே கூடியதும் உண்டு.

இலங்கையின் வடக்கில் இந்தத் தொண்டுக்கு வேறொரு உருவம் வந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பேட்டரி தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் கம்பி கட்டி, பெடலைக் கையால் சுற்றி வானொலி கேட்டார்கள். அவர்கள் தேடிய நிலையங்களில் வேரித்தாஸும் ஒன்று. தமிழ்ப் பணியின் பொறுப்பில் இருந்த அருள்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜின் பெயர் ஈழத்தமிழர் வீடுகளில் பரவியது. அந்தப் பெயர் பரவுவதற்காகப் பெடலைச் சுற்றிய சிறுவர்களின் கை வலியையும் அந்த நிலையத்தின் வரலாற்றில் சேர்க்க வேண்டும். அவர்கள் சுற்றாவிட்டால் அந்த வீட்டளவில் ஒலிபரப்பே இல்லை.

எழுதப்படாத மொழிகளின் குரல்

வானொலிக்கு முகம் தெரியாத நேயர்கள் தோள்கொடுத்தார்கள். இசைத்தட்டுப் பணியில் பேசியவர்களே பெயரில்லாதவர்கள்.

ஹோண்டுராஸில் ஊழியம் செய்து, மலேரியாவால் உடைந்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்ற பெண்மணிக்கு ஒரு நினைவு போகவில்லை. அங்கே மதுக்கடைகளில் கிராமபோன் ஓயாமல் பாடும், மக்கள் கூடி நின்று கேட்பார்கள். வேதச் செய்தியும் அப்படி ஒலித்தால் என்ன என்று ஸ்பானிய மொழியில் ஓர் இசைத்தட்டு செய்தார். 1939-ல் அது 'காஸ்பல் ரெக்கார்டிங்ஸ்' என்ற பணியானது. இன்றைக்கு உலகளாவிய வலையமைப்பாக வளர்ந்து, 6,000-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வழக்குகளிலும் ஒலிப்பதிவு வைத்திருக்கிறது. இந்தியாவில் அதன் மையம் பெங்களூரு.

ஒலிப்பதிவு நடந்த விதம்தான் கவனிக்கத்தக்கது. மொழிக்கு எழுத்து இல்லை. பதிவு செய்பவருக்கு மொழி தெரியாது. ஆகவே இரண்டு மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, பொது மொழியில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். அவர் அதைத் தன் மொழியில் மைக்கில் சொல்வார். இடையில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் சங்கிலி நீளும். நாள் முழுக்க இப்படி வாக்கியம் வாக்கியமாகப் பதிந்து, பிறகு இடைவெளிகளை வெட்டி ஒட்டினால் மூன்று நான்கு நிமிடப் பேச்சு கிடைக்கும். கோழி கூவினாலும் குழந்தை அழுதாலும் மறுபடியும் முதலிலிருந்து.

குரல் கொடுத்தவர்களில் விவசாயிகள், கூலிகள், வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். சிலருக்கு எழுத்தறிவு இல்லை, சிலர் கிறிஸ்தவர்களும் இல்லை. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக 'கார்ட்டாக்' என்ற மடக்கு அட்டைப் பெட்டி வந்தது. அட்டையால் ஆன கிராமபோன், தட்டைக் கையால் சுற்றவேண்டும், அவ்வளவுதான். அதில் சுழன்ற தட்டில் மொழியின் பெயர் இருந்தது. பேசியவரின் பெயர் இல்லை. சில மொழிகளுக்கு அந்தத் தட்டுகள்தான் முதல் ஒலிப்பதிவு. மொழியியலாளர்கள் இன்று பொன்னாக மதிக்கும் அந்தக் குரல்களின் உரிமையாளர் யாரென்று தேடினால் பல இடங்களில் பதில் கிடைக்காது.

விளம்பரம் இல்லாத வானொலி

தொண்டர்களை விதிவிலக்காக இல்லாமல் அடித்தளமாகவே வைத்துக் கட்டிய நிலையமும் உண்டு. வட இத்தாலியின் எர்பா என்ற சிற்றூரில், 1980-களின் தொடக்கத்தில், ஒரு பங்கின் வானொலியாகத் தொடங்கியது ரேடியோ மரியா. 1987-ல் சங்கமாகப் பதிவானது. 1998-ல் பல நாட்டு நிலையங்கள் சேர்ந்து உலகக் குடும்பமாக அமைந்தன. விளம்பரம் கிடையாது. செலவை நேயர் காணிக்கை தாங்குகிறது. தொலைபேசி எடுப்பவர், கடிதம் பிரிப்பவர், பங்குகளுக்கு நடமாடும் கருவியோடு போய்ச் செபமாலையையும் திருப்பலியையும் நேரடியாக அனுப்புபவர் எல்லாரும் பெரும்பாலும் தொண்டர்களே. ஓய்வு பெற்ற மின்பணியாளர், இல்லத்தரசி, கல்லூரிப் பையன் என்று முறைவைத்து வருகிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. டி.ஜி.எஸ். தினகரன் வங்கி வேலையில் இருந்துகொண்டே தொடங்கிய 'இயேசு அழைக்கிறார்' ஊழியம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்தபோது, நிகழ்ச்சியைக் கேட்டு அழைப்பவர்களுக்காக ஜெப கோபுரம் வந்தது. அழைப்பை எடுத்து ஜெபிப்பவர்களில் தொண்டர்கள் ஏராளம். மற்ற ஊழியங்களும் அதே வழியில் ஜெபத் தொலைபேசிகளை வைத்துக்கொண்டன. திரையில் பேசியவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு கடன், குடி, அடி, குழந்தையின்மை, தற்கொலை எண்ணம் என்று வந்து விழுவதை இரவெல்லாம் கேட்பது ஒரு நடுத்தர வயதுப் பெண்ணாக இருக்கும். அவர் காலையில் வீட்டுக்குப் போய்ச் சமைக்கவும் வேண்டும்.

அலை ஓய்ந்த பிறகு

ஃபீபா 2003-ல் செஷல்ஸ் நிலையத்தை மூடியது. வேரித்தாஸின் ஆசியச் சேவை 2018-ல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. காரணங்கள் நியாயமானவை. மின்செலவு ஏறிவிட்டது, பெட்டிகள் குறைந்துவிட்டன, கையில் செல்பேசி வந்துவிட்டது. ஆனால் இந்த மாற்றத்தில் ஊழியர்களுக்கு இருந்த ஏற்பாடு நேயர் மன்றங்களுக்கு இல்லை. கருவிகளைக் கணக்கெடுத்தவர்கள் மனிதர்களைக் கணக்கெடுக்கவில்லை. 30 ஆண்டு அலைவரிசைக் குறிப்பு எழுதிய நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில்கள் பூட்டப்பட்டபோது புதிய தலைமுறைத் தொண்டர்கள் ஒரே வாரத்தில் முளைத்தார்கள். ஆயருக்கோ போதகருக்கோ யூடியூப் நேரலை பற்றித் தெரிந்திருக்கவில்லை. வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் செல்பேசியை மெழுகுவர்த்தித் தண்டில் கட்டிவைத்து ஆரம்பித்தான். இன்று அவனே மிக்ஸர் பார்க்கிறான், பாடல் வரிகளைத் திரையில் ஏற்றுகிறான், காணொளியை வெட்டித் துண்டுகளாக்கி வாட்ஸ்அப்பில் விடுகிறான். டேட்டா அவன் காசு. மைக் கீச்சிடும்போது மட்டும் மொத்தச் சபையும் திரும்பி அவனைப் பார்க்கும்.

'ஊழியம்தானே தம்பி!'

இந்தத் தியாகத்தைப் பாராட்டி ஒரு பொன்னாடையோடு முடித்துவிடலாம். ஆண்டு விழாக்களில் அதுதான் நடக்கிறது. பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

கிறிஸ்தவ ஊடகம் இன்று சிறியதல்ல. தொலைக்காட்சி நேரம் லட்சங்களில் விலை போகிறது. கேமரா, விளக்கு, மேடை எல்லாம் காணிக்கையில் வருகின்றன. வாடகைக்கு வரும் 'ஜிம்மி ஜிப்' கிரேன் கேமராவுக்குப் பில் போட்டுப் பணம் தருகிறார்கள். அதே கூட்டத்தில் மூன்று இரவு விழித்து எடிட்டிங் செய்த பையன் பஸ் காசு கேட்டால் 'ஊழியம்தானே தம்பி' என்ற பதில் வருகிறது. மனமுவந்து தருபவனிடம் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. தர முடியாதவனைக் குற்ற உணர்வால் பிடித்து வைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை நிறுவனம்தான் வரைய வேண்டும், தொண்டரால் முடியாது. அவர் வாய் திறந்தால் விசுவாசக் குறைவு என்று ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. பயணப்படி, டேட்டா, சாப்பாட்டுச் செலவை நிகழ்ச்சிக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஜெபத் தொலைபேசியில் உட்காருகிறவருக்குப் பயிற்சி தரலாம். தற்கொலை எண்ணத்தோடு பேசுகிறவருக்கு ஜெபத்தோடு 104 உதவி எண்ணையும், வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு 181 உதவி எண்ணையும் சொல்லித்தர அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு வாரமாவது அவருக்கு ஓய்வு வேண்டும், கேட்ட துயரங்களை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். ஒலிப்பதிவுக்குக் குரல் தருகிறவரிடம் அது எங்கெல்லாம் பயன்படும் என்று சொல்லி ஒப்புதல் வாங்கலாம். பழைய நேயர் நோட்டுகளையும் கடிதங்களையும் ஏதாவதொரு மறைமாவட்டக் காப்பகமோ கல்லூரி நூலகமோ வாங்கி வைக்கலாம். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் யார் எதைக் கேட்டார்கள், எதற்காக அழுதார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல ஆவணம் வேறில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெயர் எழுத வேண்டும்.

'பெயர் வேண்டாம் ஐயா, கர்த்தருக்கு மகிமை' என்று தொண்டர்கள் சொல்வார்கள். உண்மையாகவே சொல்வார்கள். பெயர் வேண்டாம் என்பது அவர்களின் தாழ்மை. பெயரைக் குறித்துவைக்காதது நிறுவனத்தின் சோம்பல். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது நம் சபைகளில் வெகுநாள் வழக்கம்.

வேதத்திலேயே இதற்கு எதிரான முன்மாதிரி இருக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பிரசங்கம் செய்பவர்கள் குறைவு, வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போவார்கள். பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தை எழுதியவர் தெர்தியு. அந்த அதிகாரத்தில் தன் பெயரைச் சொல்லி அவரே வாழ்த்துச் சொல்கிறார். நிருபத்தைக் கொண்டுபோனவராகக் கருதப்படும் பெபேயாளின் பெயர் முதல் வசனத்திலேயே வருகிறது. தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், யார் எதில் பாடுபட்டார்கள் என்ற குறிப்போடு. எழுத்தரும் தூதரும் வீடு திறந்து கொடுத்தவர்களும் இல்லாவிட்டால் அந்த நிருபம் ரோமாபுரி போய்ச் சேர்ந்திருக்காது என்று பவுலுக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்தவத்தின் மிக முக்கியமான நிருபமொன்று தன் ஒலிபரப்புக் குழுவின் பட்டியலோடுதான் முடிகிறது.

ஆகவே ஊடக ஊழியங்கள் அடுத்த ஆண்டறிக்கை அச்சிடும்போது சந்தாதாரர் எண்ணிக்கைக்கும் பார்வை எண்ணிக்கைக்கும் பக்கத்தில் இன்னொரு பக்கம் ஒதுக்கட்டும். ஒலி பார்த்தவர், கடிதம் எழுதியவர், தொலைபேசி எடுத்தவர், வசனம் தட்டச்சு செய்தவர் என்று ஊர்ப் பெயரோடு, அவர்கள் சம்மதத்தோடு போடட்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க உட்காரும்போதுதான் தங்கள் பணியை உண்மையில் நடத்துவது யார் என்று நிர்வாகிகளுக்கே தெரியவரும்.